நீர்க்குளிர்விப்புக் கணினியின் பழுது முன்னேற்பாடு

நீர்க்குளிர்விப்புக் கணினியின் பழுது முன்னேற்பாடு என்பது, நீரால் குளிர்விக்கப்படும் கணினியில் எக்கி, விசிறி, குழாய் முதலிய உறுப்புகள் செயலிழக்கும்போது நேரும் சேதத்தைக் குறைப்பதற்காக முன்கூட்டியே செய்யப்படும் ஏற்பாடுகளைக் குறிக்கும். ஒவ்வோர் உறுப்பும் பழுதுற்ற பின்னர் அதைக் கவனிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைப் பொறுத்தே இந்த ஏற்பாடுகள் அமைகின்றன. எக்கி நின்றால் சில நொடிகளும், விசிறி நின்றால் சில நிமிடங்களும் கிடைக்கும். உலோக அரிமானம் முற்றுவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும்.

அமைப்பு

மையச் செயற்பகுதியின் மேல் செப்பாலான குளிர்கட்டை பொருத்தப்பட்டிருக்கும். எக்கி, அதாவது பம்பு, நீரை அக்கட்டையின் நுண்ணிய பள்ளங்கள் வழியே செலுத்துகிறது. சூடேறிய நீர் ரேடியேட்டரை அடைந்து, விசிறிக் காற்றால் குளிர்ந்து மீண்டும் எக்கிக்குத் திரும்புகிறது. பெரிய கணினிகளிலும் இம்முறை பயன்படுகிறது. திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறனுடைய பரம் பொருள் மீக்கணினி, நேரடித் தொடு நீர்மக் குளிர்விப்பைக் கொண்டதாகும்.

கிடைக்கும் நேரம்

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 4,180 யூல் ஆற்றல் தேவை. செயற்பகுதி 200 வாட்டு வெப்பத்தை உமிழ்வதாகக் கொள்வோம். எக்கி இயங்க, விசிறி மட்டும் நின்றால், சுற்றிலுள்ள ஒரு லீட்டர் நீர் 20 பாகை சூடேற ஏறத்தாழ 7 நிமிடங்கள் ஆகும். எக்கி நின்றால் குளிர்கட்டையும் அதனுள் தேங்கிய நீரும் மட்டுமே வெப்பத்தை ஏற்கும். கட்டை 300 கிராம் செப்பும் 20 மில்லிலீட்டர் நீரும் கொண்டதெனில், அதே 20 பாகை உயர்வுக்கு ஏறத்தாழ 20 நொடிகளே போதும். இவை வெளியேறும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாத தோராய மதிப்புகள்.

எனவே எக்கியின் பழுதை மனிதர் கவனித்துத் தடுக்க இயலாது. எக்கியின் சுழற்சி வேகத்தைக் கண்காணித்து, அது நின்றவுடன் கணினியைத் தானாக நிறுத்தும் அமைப்பை பயாசில் இயக்கி வைக்க வேண்டும். தற்காலச் செயற்பகுதிகள் மிகையாகச் சூடேறும்போது வேகத்தைக் குறைத்து, இறுதியில் தாமே நின்றுவிடும். இதனால் செயற்பகுதி பெரும்பாலும் தப்பினாலும், சேமிக்கப்படாத பணி அழியும்.

அரிமானம்

செப்புக் கட்டையையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே நீர்ச்சுற்றில் இணைப்பது பிற்காலப் பழுதுக்கு வித்திடும். நியம மின்முனை அழுத்தம் செப்புக்கு +0.34 வோல்ட்டு, அலுமினியத்துக்கு −1.66 வோல்ட்டு ஆகும். கடத்துந்திறனுள்ள நீரில் இவை மின்கலம் போல் செயற்பட, அலுமினியம் அரிக்கப்படுகிறது. அரிபட்ட துகள்கள் கட்டையின் பள்ளங்களை அடைக்கின்றன. ரேடியேட்டரில் துளை விழவும் கூடும்.

இத்தகைய அரிமானம் பற்றிய ஆய்வு செட்டிநாட்டுக்குப் புதியதன்று. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதன்மைத் துறைகளுள் அரிமான ஆய்வும் ஒன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று இராதாகிருட்டிணன் இந்நிறுவனத்தைத் திறந்து வைத்தார்.

நீர்ச்சுற்றில் ஒரே வகை உலோகத்தைப் பயன்படுத்துவதும், அரிமானத் தடுப்பியும் பாசித் தடுப்பியும் கலந்த குளிர்விப்பு நீர்மத்தை நிரப்புவதும் உரிய தடுப்புகளாகும். குடிப்பதற்குச் சுவையான ஊற்று நீரிலும் கரைந்த உப்புகள் இருப்பதால், அது இதற்கு ஏற்றதன்று. காய்ச்சி வடித்த நீரே பொருத்தமானது.

தட்பவெப்பமும் கசிவும்

ரேடியேட்டர் நீரை அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. கோடையில் அறை 38 பாகையாக இருந்தால் நீர் அதனினும் சூடாகவே இருக்கும். முற்றம் திறந்த பழைய செட்டிநாட்டு வீடுகளில் தூசு எளிதில் உட்புகும் என்பதால், ரேடியேட்டர் இதழ்களை அடிக்கடி தூய்மை செய்ய வேண்டும்.

கசிவு ஏற்பட்டால் மின் இணைப்பை உடனே துண்டித்து, நீர் முற்றிலும் உலரும் வரை கணினியை இயக்காதிருக்க வேண்டும். காய்ந்த பின்னும் எஞ்சும் உப்புகள் மின்சுற்றைக் கெடுக்கும் என்பதால், அவற்றைத் துடைத்தகற்ற வேண்டும். புதிதாக அமைத்த நீர்ச்சுற்றை, ஏனைய உறுப்புகளுக்கு மின்சாரம் கொடுக்காமல், எக்கியை மட்டும் 24 மணிநேரம் இயக்கிச் சோதிப்பது வழக்கம்.

கைவசம் இருக்க வேண்டியவை

எக்கி, விசிறி, ரப்பர் வளையங்கள், குழாய்த் துண்டு, குளிர்விப்பு நீர்மம், வெப்பப் பசை ஆகியவை மாற்று உறுப்புகளாகக் கைவசம் இருத்தல் நலம். சிறு நகரங்களில் இவை உடனே கிடைக்காமல், வெளியூரிலிருந்து தருவிக்க நேரிடலாம். அதுவரை கணினியை இயக்க, அதே செயற்பகுதிக்குப் பொருந்தும் எளிய காற்றுக் குளிர்விப்பான் ஒன்று பெரிதும் உதவும். மாற்று எக்கி வாங்குவதற்கு முன்பே இதனை வாங்கி வைப்பது சிக்கனமானது.

உறுப்புகளை விலைக்கு வாங்கலாம். அழிந்த கோப்புகளை வாங்க இயலாது. ஆதலால் கணினிப் பெட்டிக்கு வெளியே, நீர் எட்டாத இடத்தில் வைக்கப்படும் காப்பு நகல் இம்முன்னேற்பாட்டின் இன்றியமையாத பகுதியாகும்.