கவிழ்த்துப் பிடித்த கைத்தடி

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி ஒரு நாள் தேனி மாவட்ட விளையாட்டு மைதானத்தில் போட்டிகள் நடக்கும். அனுமந்தன்பட்டியிலிருந்து போகிறவர் விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி தாண்டி இறங்கினால், ஆட்டமெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆடும் விதம்தான் வேறு.

காது கேளாதோர் கபடியில் நடுவரின் விசிலுக்கு வேலையில்லை. ஆடுகிறவர் கண் நடுவரின் கைமேல் இருக்கும். பார்வையற்றவர் மென்பந்து எறியும்போது எதிரே ஒருவர் நின்று கைதட்டுவார். சத்தம் வரும் திசைதான் அவருக்குக் கோடு. கால் வராதவருக்குச் சக்கர நாற்காலி ஓட்டம். ஆளை ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லாமல், ஆட்டத்தை ஆளுக்கு ஏற்றபடி வளைத்துவிடுகிறார்கள். இந்த யோசனைக்குப் பெரிய உந்துதல் வந்தது எந்த மைதானத்திலிருந்தும் இல்லை, ஆஸ்பத்திரி வார்டிலிருந்து.

1917. ஜெர்மனியில் கோனிக்ஸ்ஹூட்டே என்ற சுரங்க ஊர். அங்கே விபத்து மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற பையன் உதவியாளாக வேலை பார்த்தான். முதுகெலும்பு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கொண்டு வந்தார்கள். திடகாத்திரமான ஆள். அவரைத் திரைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "இவருக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம், சில வாரம்தான்" என்றார்கள். ஐந்தே வாரத்தில் இறந்துபோனார். கொன்றது முறிந்த எலும்பல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். அந்தக் காலத்தில் தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் முடிவு.

குட்மன் நரம்பியல் மருத்துவரானார். யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில் பிழைக்க வழியின்றி, 1939இல் மனைவி, இரண்டு குழந்தைகளோடு இங்கிலாந்துக்குப் போனார். 1944 பிப்ரவரி 1ஆம் தேதி, ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 26 படுக்கை கொண்ட தண்டுவட வார்டு அவர் பொறுப்பில் வந்தது. முதல் வைத்தியம் மிக எளிது: இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது. புண் ஆறியது, உயிர் தங்கியது. அதன்பிறகுதான் பெரிய கேள்வி வந்தது: பிழைத்தவர் நாள் முழுக்க என்ன செய்வது?

பதில் நோயாளிகளிடமிருந்தே வந்தது. ஒருநாள் சக்கர நாற்காலியில் இருந்த சிலர் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த பிடியால் ஒரு வட்டை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். குட்மன் அதட்டவில்லை. அவரும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள். நாற்காலிப் போலோ அப்படித்தான் வந்தது. முரட்டு ஆட்டமாக இருந்ததால் பின்னாளில் அந்த இடத்தைக் கூடைப்பந்து பிடித்துக்கொண்டது. வில்வித்தையை அவர் சேர்த்ததற்கும் மருத்துவக் காரணம் உண்டு. நாண் இழுக்க இழுக்கத் தோளும் மேல்முதுகும் உறுதிப்படும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர் நிமிர்ந்து உட்கார அந்தத் தசைகள்தான் ஆதாரம்.

1948 ஜூலை 29. லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஒலிம்பிக் தொடக்க விழா. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில், போரில் அடிபட்ட 14 ஆண்களும் 2 பெண்களும் நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். மொத்தப் போட்டியே அவ்வளவுதான். 1952இல் நெதர்லாந்து அணி வந்தது. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் திரண்டார்கள். முதல் பாராலிம்பிக் என்று இன்று சொல்வது இதைத்தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968 ஜூலையில் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இதற்குத் தங்கை.

நம் நாட்டிலும் முதலில் வந்தது வைத்தியம், பிறகுதான் பதக்கம். 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் உடல் தேற நீந்தப் போனார். 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தோடு வந்தார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தார். தன்னைத் தேற்றிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டியதை ஊரே கொண்டாடியது. 2023 முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது.

அனுமந்தன்பட்டி இருக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தக் கதை அந்நியமில்லை. குட்மன் காலத்தில் போர் முறித்த முதுகை இங்கே தென்னை முறிக்கிறது. காய் பறிக்க ஏறி மட்டை வழுக்கி விழுந்தவர், ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் மலைப்பாதையில் கவிழ்ந்தவர் என்று ஊருக்கு ஊர் ஆள் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிலோடு வீடு வந்தால், பல வீடுகளில் அந்தக் கட்டில்தான் அவருக்கு உலகம். கோனிக்ஸ்ஹூட்டேயில் திரை மறைத்ததை இங்கே வீட்டு நடையில் தொங்கும் பழைய சேலை மறைக்கிறது.

அதனால்தான் தேனி மைதானத்துக்கு வந்து சேர்வதே பாதி வெற்றி. ஆனால் குட்மன் ஆட்டத்தைத் திருவிழாவாகத் தொடங்கவில்லை. வேளாவேளைக்குக் கொடுக்கும் மருந்தாகத் தொடங்கினார். வருஷத்துக்கு ஒரு நாள் கொடுத்தால் அது மருந்தில்லை, பிரசாதம். சான்றிதழோடு கடைசி பஸ்ஸில் அனுமந்தன்பட்டிக்குத் திரும்புகிறவருக்கு மறுநாள் சாயங்காலம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அரங்கம் கட்ட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் கல் பொறுக்கிய ஒரு துண்டு நிலம், ஒரு மென்பந்து, எதிரே நின்று கைதட்ட ஒரு ஆள் போதும்.