பேராசிரியரும் ஃப்ரிட்ஜ் கம்பெனியும்

இந்த எபிசோடில் ஒரு ஃபைனான்ஸ் பேராசிரியரின் கதை. அவர் பெயர் லாங் சியான்பிங். ஆங்கிலத்தில் லாரி லாங். 1956-ல் தைவானில் பிறந்தவர். 1986-ல் அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் டாக்டர் பட்டம். அப்புறம் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், தொண்ணூறுகளில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம். இதுவரைக்கும் சாதாரண பயோடேட்டாதான். ஆனால் இவருடைய ஒரு பேச்சு ஒரு கோடீஸ்வரரை விசாரணை வளையத்துக்குள் தள்ளியது. அரசு கம்பெனிகளை விற்கும் சீனாவின் கொள்கைக்கும் பிரேக் போட்டது.

முதலில் அவருடைய ஆராய்ச்சியைப் பார்த்துவிடலாம். இன்ஜினியர்களுக்கு இது பிடிக்கும். ஸ்டைன் கிளாசன்ஸ், சிமியோன் ஜான்கோவ் இருவரோடு சேர்ந்து அவர் 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிழக்கு ஆசியாவின் 9 நாடுகள், 2,980 கம்பெனிகள். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கம்பெனி கடைசியில் யார் கையில் இருக்கிறது?

ஒரு கம்பெனியின் பங்கு இன்னொரு கம்பெனியிடம் இருக்கும். அதன் பங்கு வேறொன்றிடம். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஒரு குடும்பமோ அரசாங்கமோ நிற்கும். அப்பாவிடம் முதல் கம்பெனியில் 50 சதவீதம் இருக்கிறது, அந்தக் கம்பெனியிடம் இரண்டாவது கம்பெனியில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கம்பெனியின் லாபத்தில் அப்பாவுக்குச் சேருவது இரண்டையும் பெருக்கினால் வரும் 15 சதவீதம்தான். ஆனால் அங்கே அவர் ஆட்டுவிக்கும் ஓட்டு 30 சதவீதம், அதாவது சங்கிலியின் பலவீனமான கண்ணியின் அளவு. ஒன்றுக்குப் பெருக்கல், மற்றொன்றுக்கு மினிமம். நாலு வரி கோடு. இந்த 15-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் சிறு முதலீட்டாளரின் பணம் காணாமல் போகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான கம்பெனிகள் ஒரே ஒரு பங்குதாரரின் பிடியில் இருப்பதாக அந்தக் கட்டுரை காட்டியது.

அந்த 9 நாடுகளில் சீனா இல்லை. ஆனால் அதே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவர் சீனப் பங்குச்சந்தைக்குள் நுழைந்தார். 1990 டிசம்பரில் ஷாங்காய், ஷென்ஜென் சந்தைகள் தொடங்கி அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. பட்டியலிட்ட கம்பெனிகளின் பங்குகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைச் சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது. பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் தூங்கிக்கொண்டிருந்தவை. 2001-ல் டிலாங் என்ற குழுமத்தின் பங்கு விளையாட்டை லாங் எழுத்தில் போட்டுக் கிழித்தார். 2004-ல் டிலாங் சரிந்தது. சிறு முதலீட்டாளர்கள் அவருக்கு 'ரெகுலேட்டர் லாங்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருவோம். குவாங்டாங் மாகாணத்தின் ஷுந்தே பகுதியில் கெலான் என்ற கம்பெனி. ஒரு சின்ன ஊர் நிர்வாகத்தின் தொழிற்சாலையாக 1984-ல் தொடங்கி, சீனாவின் பெரிய ஃப்ரிட்ஜ் பிராண்டாக வளர்ந்தது. 2001-ல் அதன் கட்டுப்பாட்டுப் பங்கைக் கூ சூஜுன் என்பவருக்கு ஊர் நிர்வாகம் விற்றது. கூ ஒரு இன்ஜினியர். குளிரூட்டி வாயு தயாரித்த கிரீன்கூல் கம்பெனியின் நிறுவனர். அடுத்த மூன்று வருஷத்தில் இன்னொரு ஃப்ரிட்ஜ் கம்பெனி, ஒரு பஸ் கம்பெனி, ஒரு பேரிங் கம்பெனி என்று வாங்கிக்கொண்டே போனார்.

2004 ஆகஸ்ட் 9. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் லாங் மேடையேறினார். கையில் இருந்தது ரகசிய ஆவணம் எதுவும் இல்லை. அந்தக் கம்பெனிகளே வெளியிட்ட அறிக்கைகள்தான். கூ 7 தந்திரங்களைப் பயன்படுத்தியதாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பழமொழி மாதிரி பெயர் வைத்தார். விருந்தாளி வீட்டுக்காரனாவது, இரவல் கோழியில் முட்டை எடுப்பது, இப்படி. எனக்குப் பிடித்தது 'பெரிய குளியல்'. புது முதலாளி வந்த வருஷமே இருக்கிற செலவு, வாராக்கடன் எல்லாவற்றையும் கணக்கில் கொட்டிவிடுவது. 2001-ல் கெலான் காட்டிய நஷ்டம் சுமார் 150 கோடி யுவான். அடுத்த வருஷம் பார்த்தால் லாபம்! கம்பெனி தேறிவிட்டதா, கணக்கு தேறிவிட்டதா என்பதுதான் லாங்கின் கேள்வி.

கூ ஹாங்காங்கில் அவதூறு வழக்குப் போட்டார். பீகிங் பல்கலைக்கழகத்தின் ஜாங் வெய்யிங் போன்ற பொருளாதார அறிஞர்கள் தொழில்முனைவோரை இப்படித் தூற்றாதீர்கள் என்றார்கள். இணையத்தில் பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக லாங் பக்கம் நின்றது. வேலை இழந்த அரசுத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருந்த காலம் அது. நம்ம தொழிற்சாலையை யார் எடுத்துக்கிட்டாங்க என்ற கோபத்துக்கு ஒரு பேராசிரியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 2005 ஏப்ரலில், பெரிய அரசு நிறுவனங்களை அவற்றின் மேலாளர்களுக்கே விற்பதற்கு அரசு தடை போட்டது. அதே வருஷம் கூ கைதானார். 2008 ஜனவரியில் ஃபோஷான் நீதிமன்றம் அவருக்கு 10 வருஷம் கொடுத்தது.

இங்கேதான் எனக்கு லாங்கோடு ஒரு வழக்கு இருக்கிறது. கூ தண்டிக்கப்பட்டது மூன்று குற்றங்களுக்கு: பதிவு மூலதனத்தில் பொய்க் கணக்கு, பொய்யான தகவல் வெளியீடு, கம்பெனி நிதியைத் திருப்பிவிட்டது. பேச்சின் மையமாக இருந்த குற்றச்சாட்டு, அதாவது மக்கள் சொத்து அடிமாட்டு விலைக்குப் போனது என்பது, இந்த மூன்றில் இல்லை. விற்பனை என்றால் விற்றவர் ஒருவரும் இருக்கணுமே? ஊர் நிர்வாகத்தின் சொந்த நிறுவனம் விற்பனைக்கு முன்பே கெலானிலிருந்து பெரும் பணத்தை உருவியிருந்தது. சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை பிடித்துப் போக வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஆள், இங்கே வாங்கியவரிடம் வந்ததும் டார்ச்சை நிறுத்திவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு மேல் இருந்தது அரசாங்கம்.

அவருடைய வழியும் சுகமாக இல்லை. ஷாங்காயில் அவர் நடத்திய டிவி நிகழ்ச்சி 2006-ல் நின்றது. பிறகு குவாங்டாங் டிவியில் இன்னொன்று தொடங்கினார். வருஷங்கள் போகப் போக அவர் ஆராய்ச்சியாளர் என்பதைவிட டிவி பேச்சாளர் என்பதுதான் சீனர்கள் மனதில் நின்றது. 2000-ல் வந்த அந்தக் கட்டுரையை ஃபைனான்ஸ் மாணவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கூ 2012-ல் வெளியே வந்தார். வந்த கையோடு தான் நிரபராதி என்று சொல்லி மறுவிசாரணை கேட்டார். 2019 ஏப்ரல் 10-ல் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் இரண்டு குற்றங்களிலும் விடுதலை. நிதியைத் திருப்பிவிட்ட குற்றத்தில் ஒரு பகுதி மட்டும் நின்றது. அதற்கான தண்டனை 5 வருஷம். அவர் ஏற்கெனவே உள்ளே கழித்தது 7 வருஷம்.