கைப்பேசிக்குள் ஜாவா மத்தளம்

கெண்டாங் என்று ஜாவானியர் அழைக்கும் தோல்கருவி நம் மத்தளத்துக்கு நெருங்கிய உறவுக்காரன். பலாமரத்தைக் குடைந்து, இரு பக்கமும் தோல் போர்த்தி, இழுத்துக் கட்டிய வாத்தியம். கால்தாங்கியில் படுக்க வைத்து, தரையில் உட்கார்ந்து கையால் வாசிப்பார்கள். மிருதங்கத்தில் நமக்கு இடப்பக்கம் பெரிது. அவர்களுக்கு வழக்கமாக வலப்பக்கம். கரணை போடும் வழக்கமும் அவர்களிடம் இல்லை.

இதற்கு இப்போது கைப்பேசியில் செயலிகள் வந்துவிட்டன. நானும் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். திரையில் பெரிதும் சிறிதுமாக வட்டங்கள். விரல் வைத்தால் 'துங்', 'தக்', 'டஹ்'. நம் சொற்கட்டு போல இவை அவர்கள் அடிகளுக்கு வைத்திருக்கும் வாய்ச்சொற்கள். பொழுதுபோக்குக்கு நல்ல சாமான்தான். ஆனால் கெண்டாங் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

பழமையைப் பார்த்தால், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த போரோபுதூர் ஸ்தூபியின் சிற்பங்களிலேயே முழவு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜாவானிய மொழியில் முழவுக்கு 'படஹி' என்று ஒரு பெயர் உண்டு. வடமொழிப் 'படஹ'த்திலிருந்து வந்தது. அடியார்க்கு நல்லார் தோல்கருவிகளை வரிசைப்படுத்தும்போது சொல்லும் 'படகம்' இதுவேதான். 'மிருதங்க' என்ற பெயரும் அங்கே வழங்கியிருக்கிறது.

சரி, அதன் வேலை என்ன? கெமலான் என்னும் வெண்கல வாத்தியக் குழுவில் கோல் வீசி நடத்துகிறவர் கிடையாது. நடத்துவது கெண்டாங்தான். அது காலத்தைத் தளர்த்தினால் அடிப்படை சுரங்களுக்கு நடுவில் இடம் அகலும். அந்த இடத்தைச் சின்ன வாத்தியங்கள் இரட்டிப்பாக வாசித்து நிரப்பும். பாட்டு மெதுவாகிறது, அதே சமயம் அடர்த்தியாகிறது. இந்த நிலைகளுக்கு 'இராமா' என்று பெயர். (நம் ராமபிரானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) பாட்டை முடிக்கவும் கெண்டாங்தான் சைகை தர வேண்டும். அதைக் காதால் வாங்கிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து நிதானப்பட்டுப் பெரிய கோங்கில் வந்து இறங்குவார்கள். செயலியிலோ தட்டுவதற்கு நான் ஒருவன். கேட்டுப் பின்தொடர ஆளில்லை. தேரை விட்டுவிட்டு வடத்தை மட்டும் இழுப்பது போல.

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டுக்காக 1889இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில், எஸ்பிளனாத் தெ ஸென்வலீத் மைதானத்தில் ஒரு ஜாவா கிராமத்தையே அமைத்திருந்தார்கள். சோலோ நகரத்து மங்குநகரன் அரண்மனையைச் சேர்ந்த நான்கு இளம்பெண்கள் ஆடினார்கள். வாசித்தவர்கள் மேற்கு ஜாவாவின் சுந்தானியர். கேட்டவர்களில் ஒருவர் இளைஞர் டெபுஸ்ஸி. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், 1913இல் எழுதிய கட்டுரையிலும் அவர் அதை மறக்கவில்லை. ஐரோப்பியச் சார்பில்லாமல் கேட்டால் அவர்கள் தாளவாத்தியத்துக்கு முன் நம்முடையது சந்தை சர்க்கஸ் இரைச்சல்தான் என்ற பொருளில் எழுதினார். எங்களைப் போலப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மேலை இசைதான் இசையின் உச்சி என்று ஒரு நினைப்பு ஊறியிருக்கும். அதை ஒரு பிரெஞ்சுக்காரரே உடைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர், பாலசரஸ்வதி அம்மையாரின் தம்பி டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். தென்னிந்திய மிருதங்க வாசிப்பைப் பற்றியே ஆய்வேடு எழுதி 1965இல் முனைவர் ஆனார். பிறகு ஜாவாவுக்குப் போய், ஜோக்ஜகர்த்தாவின் பக்குவாலாமன் அரண்மனையில் 'புஷ்பவர்ண' என்ற உருப்படியை ஒலிப்பதிவு செய்தார். பெயருக்குப் பலவகை மலர்கள் என்று பொருள். 1977இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய இரண்டு வாயேஜர் கலங்களிலும் உள்ள தங்க இசைத்தட்டில் அந்தப் பதிவு இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். கைப்பேசியிலேயே கேட்கலாம். கெண்டாங்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள்.