அந்த ஞாயிறு ஒரே ஒரு திருப்பலி

1977 பிப்ரவரியில் ஆஸ்கர் ரொமேரோ எல் சால்வடோர் நாட்டின் தலைநகர் சான் சால்வடோரின் பேராயராகப் பொறுப்பேற்றபோது காப்பித் தோட்ட முதலாளிகள் மகிழ்ந்தார்கள். புத்தகமும் செபமுமாக இருப்பவர், வம்புதும்புக்குப் போகாதவர் என்பது அவர்கள் கணக்கு.

எல் சால்வடோரின் நல்ல நிலமெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களின் கையில் இருந்தது. 1932-ல் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை ராணுவம் ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தது. அந்தப் பயம் அடுத்த தலைமுறையின் வாயையும் கட்டிப்போட்டது. 1968-ல் கொலம்பியாவின் மெடலினில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், ஏழ்மையைத் தலைவிதி என்று ஏற்காமல் அநீதி என்றே அறிவித்தார்கள். அங்கிருந்து வளர்ந்த விடுதலை இறையியலை ரொமேரோ சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

அவருடைய நண்பர், இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே. அகிலாரெஸ் பங்கில் கரும்புத் தோட்ட உழைப்பாளிகளை விவிலியம் வாசிக்கவும் ஒன்றுசேரவும் பழக்கியவர். ரொமேரோ பொறுப்பேற்று மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், மார்ச் 12 அன்று, திருப்பலிக்குக் காரில் போன கிராந்தேயைச் சுட்டுக் கொன்றார்கள். உடன் சென்ற முதியவரும் சிறுவனும் பலியானார்கள்.

ரொமேரோ விசாரணை கேட்டார். அரசு அசையவில்லை. மார்ச் 20 ஞாயிறன்று மறைமாவட்டத்தின் வேறு எந்தக் கோயிலிலும் பூசை கிடையாது, பேராலயத்தில் மட்டும் ஒரே திருப்பலி என்று அறிவித்தார். ஞாயிறு பூசையைத் தவறவிடுவது பாவம் என்று வளர்ந்த நாடு அது. செல்வந்தர்கள் கொதித்தார்கள். திருத்தந்தையின் தூதரும் கூடாது என்றார். திருப்பலி கடவுளுக்கு மகிமை என்றால் அதைக் குறைக்கலாமா என்ற தயக்கம் ரொமேரோவுக்கே இருந்தது. மனிதன் உயிரோடு வாழ்வதே கடவுளின் மகிமை என்ற இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியுஸின் போதனை அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது. அன்று பேராலய வாசலில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். தோட்டக் கூலியும் முதலாளியும் தத்தம் கோயிலில் தனித்தனியே கும்பிட அன்றைக்கு வழியில்லை.

அதன்பின் மூன்று ஆண்டுகள், அந்தந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயர்களை ஞாயிறு மறையுரையில் வாசித்தார். திருச்சபை வானொலி அதை நாடெங்கும் கொண்டுபோனது. வானொலி நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். 1980 மார்ச் 23 அன்று நேரே சிப்பாய்களிடம் பேசினார்: கொல்லச் சொல்லும் உத்தரவுக்கு மேலே, கொலை செய்யாதே என்ற கடவுளின் கட்டளை இருக்கிறது. மறுநாள் மாலை, மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

எதிரிகள் அவருக்குக் கம்யூனிஸ்ட் பட்டம் கட்டினார்கள். அவர் புதிய வேதம் எதையும் பேசவில்லை. சிறுவர்கள் ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்யும் ஐந்தாம் கட்டளை ராணுவத்துக்கும் பொருந்தும் என்று சொன்னார், அவ்வளவுதான்.

கொலைக்கு உத்தரவிட்டவர் முன்னாள் மேஜர் ராபர்ட்டோ தாபுய்சோன் என்று 1993-ல் ஐ.நா. உண்மை ஆணையம் அறிவித்தது. 2018-ல் திருத்தந்தை பிரான்சிஸ் ரொமேரோவைப் புனிதராக உயர்த்தினார். அதுவரையிலும் அந்தக் கொலைக்காக எல் சால்வடோர் நீதிமன்றம் ஒருவரைக்கூடத் தண்டிக்கவில்லை.