குடிமராமத்து: கோவைக் குளங்கள் சொல்லும் வரலாறு

தமிழகத்தின் நீர்ப்பாசன வரலாற்றைப் படிப்போர் அடிக்கடி எதிர்ப்படும் சொற்களுள் ஒன்று ‘குடிமராமத்து’ என்பது. இதன் முற்பாதி தமிழ். குடி என்றால் ஊரில் உழுதுண்டு வாழும் மக்கள். பிற்பாதியோ அரபு மூலத்தது. பழுது பார்த்தல், செப்பனிடுதல் என்னும் பொருளுடைய ‘மரம்மத்’ என்ற சொல், பாரசீகம், உருது ஆகிய மொழிகளின் வழியே அரசாங்க ஏடுகளில் புகுந்து, தமிழர் நாவில் ‘மராமத்து’ ஆயிற்று. தாசில், ஜில்லா, ஜமாபந்தி, வசூல் முதலிய சொற்கள் வந்த வழியும் அதுவே. கொங்கு நாட்டின் பெரும்பகுதி 1799ஆம் ஆண்டு வரை மைசூர் ஆட்சியின்கீழ் இருந்தது. ஆகவே இத்தகைய சொற்கள் கோயம்புத்தூர்க் குடியானவரின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டதில் வியப்பில்லை. வெள்ளையர் ஆட்சியில் பொதுப்பணித் துறைக்கே ‘மராமத்து இலாகா’ என்றுதான் பெயர் வழங்கிற்று.

சொல் பிற்காலத்தது எனினும், அது குறிக்கும் செயல் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டது. ஊருக்குப் பொதுவான குளத்தையும் வாய்க்காலையும் ஊராரே கூடி ஆண்டுதோறும் செப்பனிட்டு வந்த வழக்கமே குடிமராமத்து. குளம் வெட்டுதலை இச்சொல் குறிப்பதில்லை. வெட்டிய குளத்தைப் பழுது பார்ப்பதையே குறிக்கிறது. வெட்டியவர் பெயரைக் கல்வெட்டுகள் காத்துத் தந்துள்ளன. ஆண்டாண்டாய் வண்டல் அள்ளியவர் பெயரைக் காண்பது அரிது. அந்தப் பெயரற்ற உழைப்பு கோவை நகரைச் சூழ்ந்த குளங்களில் எவ்வாறு நிலவியது, எவ்வாறு மறைந்தது, இந்த நூற்றாண்டில் எவ்வுருவில் மீண்டும் தோன்றியுள்ளது என்பதை ஈண்டுக் காண்போம்.

நொய்யலும் அதன் குளங்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கிறது. பழைய பெயர் காஞ்சிமாநதி. மலையில் பருவமழை பொழியும் நாட்களில் வெள்ளம் பெருக்கெடுக்கும். ஏனைய நாட்களில் மணலே மிஞ்சும். மழை மறைவுப் பகுதியில் அமைந்த கோவைச் சமவெளியில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 650 முதல் 700 மில்லிமீட்டர்தான். சில நாட்களில் வந்து போகும் வெள்ளத்தைப் பிடித்து வைத்தாலன்றி இங்கு வேளாண்மை இல்லை.

இதனை உணர்ந்த முன்னோர், ஆற்றின் குறுக்கே சிறு அணைக்கட்டுகளை எழுப்பி, வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பிக் குளங்களில் தேக்கினர். சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் ஆகியவற்றுக்கு நீர் தந்தது. கோயம்புத்தூர் அணைக்கட்டின் வாய்க்கால் செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றை நிரப்பியது. ஒரு குளம் நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே அடுத்த குளத்தை நாடும். இறுதியில் ஆற்றுக்கே திரும்பும். இவ்வமைப்பின் தொடக்கம் கொங்குச் சோழர் காலத்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

இத்தகைய தொடரமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. எங்கேனும் ஓரிடத்தில் வாய்க்கால் தூர்ந்தால் அதற்குக் கீழுள்ள குளங்கள் அனைத்தும் காயும். வெள்ளம் வந்துவிட்ட பிறகு மண்வெட்டியைத் தேடுவதில் பயனில்லை. ஆதலின் வாய்க்காலைத் தூர்வாருதல் ஒவ்வோர் ஆண்டும் கோடையில், மழைக்கு முன்னரே முடிந்தாக வேண்டிய கடமையாயிற்று.

ஊர்க் கடமையும் அதன் மறுபக்கமும்

குடிமராமத்தைத் தூய தொண்டு என்று எண்ணிவிடலாகாது. குளத்து நீரால் பயன்பெற்றவர், தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆளனுப்பினர். அள்ளிய வண்டல் வண்டிகளில் ஏறி வயலுக்கு எருவாயிற்று. மடை திறக்கவும் அடைக்கவும் முறைவைத்து நீர் பாய்ச்சவும் தனியாட்கள் இருந்தனர்; நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் ஊருக்கு ஊர் அவர்கள் பெயர் வேறுபட்டது. அவர்களுக்குக் களத்திலேயே தானியம் அளக்கப்பட்டது. நீரும் மண்ணும் தானியமும் உழைப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையால்தான் அவ்வேற்பாடு நெடுங்காலம் நிலைத்தது.

அதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. நிலமுடையோர் ‘ஆளனுப்பினர்’ என்றோம். அனுப்பப்பட்ட ஆட்கள் பெரும்பாலும் நிலமற்றோர். சாதி அடுக்கின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டோர். சேற்றில் இறங்கியவருக்கு நீரில் பங்கில்லை என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. பழமையைப் போற்றுவோர் இதனை மறந்தால், வரலாற்றின் ஒரு பாதியையே படித்தவராவர்.

கம்பெனி ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. குளமும் வாய்க்காலும் அரசின் உடைமை என்றாயின. நிலவரி ஒவ்வொரு குடியானவரிடமிருந்தும் நேரே வசூலிக்கப்பட்டது. ஊர்ப்பொதுவில் இருந்த அதிகாரமும் வருவாயும் குறைந்தன. ஊரார் ஒதுங்கினர். அதன் பின்னர் அரசு விழித்துக்கொண்டு, 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாகக் கட்டாய உழைப்புச் சட்டத்தைச் சென்னை மாகாணத்திற்கு இயற்றியது. கரை உடையும் அபாயம் நேர்ந்தால் ‘உழைக்கும் வகுப்பினரை’க் கட்டாயமாக அழைக்கலாம், வழக்கமான மராமத்து உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்பன அதன் கூறுகள். உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கடமையை மட்டும் மக்களிடம் கேட்டது அச்சட்டம். அதனால் குடிமராமத்து உயிர் பெறவில்லை.

கோவைக்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. 1888இல் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் நகரை வளர்த்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கிணறுகளில் மோட்டார்கள் ஏறின. குடிநீர் சிறுவாணியிலிருந்து குழாயில் வந்தது. குளத்தை நம்பியிருந்த வயல்கள் மனைகளாயின. குளத்தால் தமக்குப் பயனில்லை என்று நகரத்தார் எண்ணத் தொடங்கிய நாள்முதல் அது கழிவுநீர்த் தேக்கமாகவும் குப்பை மேடாகவும் மாறிற்று. அம்மன் குளம் இன்று பெரும்பாலும் பெயரளவிலேயே எஞ்சியுள்ளது. அங்கு ஏழைகளுக்கென எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று 2010இல் மண்ணில் புதைந்து சாய்ந்தது. குளத்தை மூடினாலும் அதன் நிலம் தன் இயல்பை மறப்பதில்லை.

மண்வெட்டியுடன் வந்த நகரத்தார்

2002, 2003 ஆகிய ஆண்டுகளின் கடும் வறட்சி கோவை மக்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. நொய்யலையும் அதன் குளங்களையும் மீட்கும் நோக்குடன் ‘சிறுதுளி’ அமைப்பு 2003இல் தோன்றியது. ‘ஓசை’ போன்ற சூழல் அமைப்புகள் காடு, நீர் பற்றிய அறிவை மக்களிடையே பரப்பின. 2010இல் எட்டுக் குளங்கள் பொதுப்பணித் துறையிடமிருந்து மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன.

2012இல் மழை மீண்டும் பொய்த்தது. ஏறத்தாழ 320 ஏக்கர் பரப்புடைய உக்கடம் பெரியகுளம் 2013 கோடையில் வறண்டு கிடந்தது. நம் வாசகர் பலருக்கு உற்றார் உறவினர் வாழும் கோட்டைமேட்டுக்கும் கரும்புக்கடைக்கும் அண்மையிலுள்ள குளம் இது. மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் அழைக்க, விடுமுறை நாட்களில் மாணவரும் அலுவலரும் வணிகரும் குடும்பத்தோடு வந்து மண் சுமந்தனர். பொறிகள் பெருமளவு மண்ணை அள்ளின என்பது உண்மையே. எனினும், அக்குளத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்றவர்கள் முதன்முறையாக அதனுள் இறங்கி நின்றனர் என்பதே அதைவிடப் பெரிய செய்தி.

2016இல் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. 2017 சனவரியில் தமிழகத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சிக்கு இலக்கானவை என அரசு அறிவித்தது. அவ்வாண்டுதான் ‘கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு’ என்னும் தன்னார்வலர் குழு பேரூர்ப் பெரியகுளத்தில் பணி தொடங்கியது. இவர்களது முறை எளியது. ஞாயிறுதோறும் காலையில் கூடுவர், நெகிழிக் குப்பையை அகற்றுவர், சீமைக்கருவேலத்தை வெட்டுவர், கரையில் மரக்கன்று நடுவர், கலைந்து செல்வர். அடுத்த ஞாயிறு மீண்டும் கூடுவர்.

இம்முறையின் பயனை வெள்ளலூரில் காணலாம். 1842இல் உரோமானிய நாணயப் புதையல் கிடைத்ததால் வரலாற்று மாணவர் அறிந்த ஊர் அது. அங்குள்ள குளம் ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புடையது. பல்லாண்டுகள் நீரின்றிக் கிடந்தது. குளத்தில் குறையில்லை; ஆற்றிலிருந்து நீர் கொணரும் இராஜவாய்க்கால் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடந்ததே காரணம். அரசுத் துறையினரின் துணையுடன் தன்னார்வலர் வாய்க்காலைச் சீர்செய்ய, நொய்யல் வெள்ளம் குளத்தை அடைந்தது. பின்னர்க் கரையில் நாட்டு மரங்களை அடர்த்தியாக நட்டு வளர்த்தனர். நட்டதோடு நில்லாமல் நீரூற்றிக் களையெடுத்துக் காத்தனர். அத்தோப்பில் ஏறத்தாழ நூறு வகை வண்ணத்துப்பூச்சிகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. குப்பை கொட்டிய கரைக்கு இன்று மாணவர்கள் பாடம் படிக்க வருகின்றனர்.

அதே 2017இல் தமிழக அரசும் குடிமராமத்து என்ற பழம்பெயரை மீட்டெடுத்தது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கி 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பயன்பெறும் உழவர் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. 1858இன் சட்டம் அபராதம் விதித்துக் கேட்டதை இத்திட்டம் பங்கு என்ற பெயரில் கேட்டது.

தொண்டின் எல்லை

தன்னார்வத் தொண்டைப் போற்றும்போது அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். குப்பை அகற்றத் தொண்டர் போதும். சாக்கடையைத் தடுக்க மாநகராட்சி வேண்டும். ஆலைக் கழிவைத் தடுக்கச் சட்டம் வேண்டும். நொய்யலின் கீழ்ப்பகுதியில், பாசனத்திற்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. உழவர் நெடுங்காலம் வழக்காடிய பின், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் கூடியிருந்தாலும் மண்வெட்டி அதனைச் சாதித்திராது.

இன்னொன்றும் உண்டு, அது மனத்தை உறுத்துவது. குளக்கரை என்பது புறம்போக்கு. அதாவது பொது நிலம். வேறெங்கும் இடமற்ற ஏழைகள் பல பத்தாண்டுகளாக அங்கே குடிசையிட்டு வாழ்ந்தனர். முத்தண்ணன் குளக்கரையிலும் பிற கரைகளிலும் இருந்த அத்தகைய குடும்பங்கள் அண்மை ஆண்டுகளில் அகற்றப்பட்டு, கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற தொலைவிடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. கூரை கிடைத்தது, வேலையும் பள்ளியும் தொலைவாயின. குளத்தை மீட்க வேண்டியதே. ஆயினும் வாலாங்குளத்தின் ஊடே இருப்புப்பாதையும் கரைமீது புறவழிச்சாலையும் அமைந்துள்ள நகரில், குளத்தைக் கெடுத்தவர் குடிசைவாசி மட்டுமே என்று கூறுவது நீதியாகாது. அன்று சேற்றில் இறங்கியவருக்கு நீரில் பங்கில்லை. இன்று கரையிலிருந்து இறக்கப்பட்டவருக்கு அழகுபடுத்திய கரையில் உலாவப் பங்குண்டா என்று கேட்பது நம் கடமை.

மழை பெய்த பின்னர்

மேலே கூறிய ஆண்டுகளை வாசகர் மீண்டும் ஒருமுறை நோக்குக: 2003, 2013, 2017. மூன்றும் வறட்சியை ஒட்டிய ஆண்டுகள். கோவை மக்களின் பொதுத்தொண்டு வறட்சியில் பிறந்திருக்கிறது. குழாயில் நீர் நின்றபோது குளம் நினைவுக்கு வந்தது. இது இயல்பே; பழிக்கத்தக்கதன்று. ஆனால் பழைய குடிமராமத்து வறட்சிக்காகக் காத்திருக்கவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டின் கோடையிலும் அவ்வூரார் வாய்க்காலில் இறங்கினர். அன்று அவர்களை இறக்கியது பங்கும் கட்டாயமும். இன்றைய தன்னார்வலருக்கு அக்குளத்தின்கீழ் ஒரு சென்ட் வயலும் இல்லை, அபராதமும் இல்லை. ஆயினும் வருகின்றனர். வந்தவர் தொடர்ந்து வருவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேரூரிலும் வெள்ளலூரிலும் கண்ட ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை நாம் மதிப்பது இதனாலேயே. பெருந்திரளாக ஒருநாள் கூடிக் கன்று நட்டுப் படமெடுத்துக் கலைவது எளிது. நட்ட கன்றுக்கு மூன்றாம் ஆண்டுக் கோடையில் நீர் சுமப்பவரே மராமத்துக்காரர். அவர் பெயரும் எந்தக் கல்லிலும் இடம்பெறாது. அடுத்த மழையில் குளம் நிரம்பிக் கலங்கல் வழியும்போது, அதனைக் கடந்து செல்வோருள் சிலரேனும் சற்று நின்று, வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பாராயின், குடிமராமத்து என்னும் சொல் ஏடுகளிலிருந்து மீண்டு வழக்கில் வந்துவிட்டது எனலாம்.