கடற்கரையில் அரசு நிறுத்திய உடல்கள்

மெரினாவின் வடமுனையில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே, நாலு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். உழைப்பாளர் சிலை. 1959 குடியரசு நாளையொட்டித் திறக்கப்பட்டது. செய்தவர் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அந்த நாலு பேருக்கும் பெயர் கிடையாது, சாதி கிடையாது, மொழியும் கிடையாது. நரம்பு புடைத்த வெற்றுடம்புகள். அணையும் ஆலையும் கட்டிக்கொண்டிருந்த நேருவின் இந்தியா தன் குடிமகனை இப்படித்தான் கற்பனை செய்தது: முகம் வேண்டாம், முதுகு போதும். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான். அந்தத் தொழிலாளி சங்கம் வைத்தவன், கூலி கேட்டவன். வெண்கலத்தில் நிற்பவர்கள் எதையும் கேட்பதில்லை.

அங்கிருந்து தெற்கே நடந்தால் உடல் மாறிவிடுகிறது. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அண்ணா ஆட்சியில் நிறுவப்பட்ட பத்துச் சிலைகள்: வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர், கண்ணகி. இங்கே யாருக்கும் வியர்க்கவில்லை. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்ற 1967இல் தீர்மானம் போட்ட ஆட்சிக்கு, மொழியால் ஆன ஒரு தேசம் தேவைப்பட்டது. அந்தத் தேர்வில் ஒரு தாராளம் இருந்ததை மறுக்க முடியாது. பத்தில் மூவர் ஐரோப்பியப் பாதிரிமார். ‘கம்பரசம்’ எழுதிக் கம்பனைக் கிழித்த அண்ணாவின் ஆட்சியிலேயே கம்பருக்கும் பீடம் கிடைத்தது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இயக்கம் சண்டை போடும். அரசோ சண்டைக்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்திவைக்கும். அதன் வேலையே அதுதான் என்று எனக்குப் படுகிறது. பெண்கள் என்று பார்த்தால் இரண்டு பேர்: ஒருத்தி கிழவி, ஒருத்தி பத்தினி.

மற்றவர்கள் எழுதியவர்கள். கண்ணகி மட்டும் எழுதப்பட்டவள். நீதி கேட்டு அரண்மனைக்குள் போனவள், ஊரை எரித்தவள். அரசனைக் குற்றவாளி என்றவளுக்கு ஓர் அரசே தன் தலைநகரில் எப்படிச் சிலை வைக்க முடிந்தது? ம.பொ.சி.யும் திராவிட இயக்கமும் மேடைமேடையாகப் பேசி, 1964இல் ‘பூம்புகார்’ படமும் வந்து, அவள் கோபம் ஏற்கெனவே கற்பின் கோபமாகச் சுருங்கியிருந்தது. அந்தக் கோபத்தால் எந்த அரசுக்கும் ஆபத்தில்லை.

அதே 1968, டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி தீக்கடவுளிடம் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள் (பார்ப்பாரையும் பசுவையும்கூடத்தான்). வெண்மணித் தீக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளரை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. செத்த 44 பேரும் தமிழ்தானே பேசினார்கள்? மொழியின் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. வெண்மணியில் நிற்கும் நினைவிடம் மார்க்சிஸ்ட் கட்சி எழுப்பியது. உழைக்கிற உடலை வெண்கலத்தில் 1959இலேயே முடித்துவிட்டோம் என்று நினைத்தார்களோ என்னவோ.

2001 டிசம்பரில் கண்ணகி பீடத்திலிருந்து இறக்கப்பட்டாள். லாரி மோதியது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். இல்லை, வாஸ்துதான் காரணம் என்று ஊர் பேசிக்கொண்டது. எழுத்தாளர்களும் கட்சிகளும் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான். ஆனால் ‘தமிழ் மானம்’ என்கிற அந்தச் சத்தத்தில், அரசு வைத்ததை அரசு எடுத்தது என்கிற சாதாரண விஷயம் யார் காதிலும் விழவில்லை. நம் கண்ணகி என்று நாம் சொன்ன சிலை எப்போது நம்முடையதாக இருந்தது? அரசனையே கேள்வி கேட்டவள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் கிடந்தாள். 2006இல் ஆட்சி மாறியது. ஜூன் மாதமே மெரினாவுக்குத் திரும்பி வந்தாள்.

பாறையைத் தள்ளுகிற அந்த நாலு பேரை மட்டும் எந்த ஆட்சியும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர்கள் முன்னால் நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.