வழிப்பயணப் பாதுகாப்பும் பாதிக்கப்பட்டவரைப் பழித்தலும்

வண்டியோட்டும் பெண்களுக்கான முன்னெச்சரிக்கைகளும், குற்றம் நடந்தபின் அவற்றையே அவர்கள்மேல் பழியாகத் திருப்புவதும் குறித்த விவாதம் இது. கனகம்மாசத்திரம் வழியாகச் செல்லும் சென்னை–திருப்பதி சாலை போன்ற நெடுஞ்சாலைகளில், டயரில் காற்றைச் சோதிப்பது, போகும் வழியை வீட்டாரிடம் சொல்வது, வண்டி பழுதானால் ஆள்நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நிற்பது, அவசர உதவி எண்ணான 112ஐ அழைப்பது ஆகியவை பயனுள்ளவையே. ஆனால் இவற்றில் ஒன்று விடுபட்டால் குற்றவாளியின் பொறுப்பு இம்மியும் குறையாது.

2019 நவம்பர் 27 இரவு, ஐதராபாத் அருகே சம்ஷாபாத் சுங்கச்சாவடிப் பக்கம், இளம் கால்நடை மருத்துவர் ஒருவரின் ஸ்கூட்டர் டயரின் காற்று திட்டமிட்டு இறக்கப்பட்டது. பயமாயிருக்கிறது என்று தங்கையிடம் கைபேசியில் சொன்னார். சுங்கச்சாவடிக்குப் போய் நிற்கும்படி தங்கை கூறினார். பின்னர் தங்கை அழைத்தபோது அவருடைய கைபேசி அணைந்திருந்தது. அந்த மருத்துவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தங்கையை அழைத்ததற்குப் பதில் காவல்துறை எண்ணான 100ஐ அழைத்திருக்கலாம் என்று அன்றைய தெலங்கானா உள்துறை அமைச்சர் முகமது மகமூத் அலி கூறியது கடும் கண்டனத்துக்குள்ளானது. கண்டனம் நியாயமானதே: புகாருக்குப் போன குடும்பத்தை காவல்நிலைய எல்லைப் பிரச்சினை சொல்லி அலைக்கழித்ததாக எழுந்த குற்றச்சாட்டில் மூன்று காவலர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல்நிலையத்திலும் புகார் தரலாம். எல்லையைக் காட்டித் திருப்பியனுப்பினால் இப்பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.